பிடிபடாத வான்கோழி

எண்பதுகளில், அகதியாகப் போன நாட்டில், வில் என்ற நகருக்கு வெளியே ஒரு பண்ணையில் வேலை செய்தேன். அங்கிருந்து தப்பிய வான்கோழிச் சேவலொன்று குளிர்காலம் முழுவதும் காட்டிலேயே பிழைத்துக் கிடந்து, வசந்தம் வந்ததும் பாதையில் போகிறவர்களைத் துரத்தத் தொடங்கியது. பண்ணைக்காரர் அதைச் சுட முடிவெடுத்தார். எத்தனையோ விடியல்கள் காத்திருந்தும் அது கிட்ட வரவில்லை.

என்னோடு வேலை செய்த கதிர் அண்ணை, "நீ பேடு மாதிரிக் கத்து, வரும்" என்றார்.

மறுநாள் மூவரும் மரத்தடியில் பதுங்கினோம். நான் கத்தினேன். சேவல் பதில் குரல் கொடுத்தபடி, வாலை விரித்து, நேரே என்னிடம் வந்தது. பண்ணைக்காரர் துவக்கை உயர்த்தினார். அவ்வளவுதான், ஊரில் ஆமி சுட்டுக்கொண்டு வந்தபோது விழுந்ததுபோல, தலையைப் பொத்திக்கொண்டு நிலத்தில் விழுந்தேன். சேவல் பறந்துவிட்டது.

ஏசப்போகிறார் என்று நடுங்கினேன். அவரோ ரவைகளைக் கழற்றிவிட்டு, ஈரப் புல்லில் என் பக்கத்தில் அமர்ந்து, எனக்கு இன்னும் பிடிபடாத தன் மொழியில் ஏதோ சொன்னார்.

"என்னவாம் அண்ணை?"

"அது இருக்கட்டுமாம். இனிச் சுடமாட்டாராம்."

"ஏனாம்?"

"அதைச் சொல்லேல்லையடா."

சேவலுக்காக இரங்கினாரா, எனக்காகவா? நிம்மதியா வெட்கமா என்று தெரியாமல் அழுதேன். இன்றும் அது எனக்குத் தெளியவில்லை. ஆனால் நான் எழும்பும்வரை அவரும் எழும்பவில்லை.