நான் செருகிய கம்பி

எழுபதுகளின் கடைசியில் நாமக்கல் பட்டறை ஒன்றில் லாரி மெக்கானிக்காக இருந்தேன். இருபது வயதுத் திமிர். டிரைவர் பழனியண்ணன், "ஸ்டீரிங் நட்டுக்கு லாக் பின் போட்டயா சாமி?" என்று கேட்டார். நட்டு கழலாமலிருக்க அதன் துளையில் மாட்டும் அந்த இரும்புப் பின் கைவசம் இல்லாததால், வெறும் கட்டுக்கம்பியைச் செருகியிருந்தேன். "போட்டாச்சுங்க. பயமா இருந்தா ஊட்லயே இருங்க" என்றேன்.

புதுச்சத்திரத்தருகே கம்பி அறுந்து நட்டு கழன்றது. லாரி புளியமரத்தில் மோதி அவருக்கு ஒரு கால் போயிற்று. "ஸ்டீரிங் திரும்பவே இல்லீங்க" என்று அவர் சொன்னதை யாரும் நம்பவில்லை, தூங்கிவிட்டார் என்றார்கள். ஆஸ்பத்திரியில் என்னிடம் மறுபடியும், "பின் போட்டயா சாமி?" என்றார்.

"போட்டேனுங்க" என்றேன்.

இப்போது எனக்குச் சொந்தப் பட்டறை. பின்னை மாட்டியதும் டிரைவரையே குனிந்து பார்க்கச் சொல்கிறேன். பழனியண்ணனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் இதை இங்கே எழுதுகிறேன்.