சேசிஸ் வாங்கிய தேதி

சிட்லபாக்கத்தில் எங்கள் காலனிக்குத் தண்ணீர் ஊற்றிய சௌகத் அலியை நான் பாய் என்றுதான் கூப்பிடுவேன். 2004இல் ஏரி காய்ந்து பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். போர் போட்டால் புழுதிதான் வந்தது. பாய் ஊரப்பாக்கத்து விவசாயக் கிணறுகளிலிருந்து தண்ணீர் லாரியில் நாளுக்கு நாலு நடை அடிப்பார். அவர் ஹாரன் கேட்டதும் ரிட்டயர்டு ஆபீசர்கள் எல்லோரும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு குடத்தோடு ஓடுவோம். எங்கள் பென்ஷன் கௌரவமெல்லாம் அந்த ஹோஸ் முனையில்தான் இருந்தது.

இருபது வருஷம் ஊரான் லாரியை ஓட்டியவர். மனைவி ஜெய்னப்பின் நகைகளை விற்று, மீதிக்கு ஃபைனான்ஸ் போட்டு, சொந்தமாக ஒன்று வாங்கினார். அவர் வாங்கியது எஞ்சினும் சக்கரமும் மட்டும் உள்ள வெறும் சேசிஸ். கேபினும் தொட்டியும் பட்டறையில் கட்டி முடிக்க இரண்டு மாதம் ஆனது. பிறகு பாத்திஹா ஓதி, அனகாபுத்தூரில் தன் தெரு முழுக்கச் சர்க்கரை கொடுத்து, வண்டியை ரோட்டில் இறக்கினார். அந்தத் தேதியை, 12-3-2003 என்று, கேபின் முகப்பில் சிவப்புப் பெயின்ட்டில் எழுதினார். லாரிக்காரர்களுக்கு அதுதான் வண்டியின் பிறந்த நாள்.

ஜூலை ஐந்தாம் தேதி, ஹோஸைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்.

"சார், எஞ்சின்ல டக்கு டக்குன்னு ஒரு சத்தம் வந்துகினு கீது. சர்வீஸ்ல வுட்டா ஒரு வாரம் வச்சுப்பான். இன்னா பண்ணலாம்?"

வரும் ஞாயிற்றுக்கிழமை என் மகள் சின்மயிக்குக் கல்யாணம். ஆனியில் அதுதான் கடைசி முகூர்த்தம். வீடு கொள்ளாமல் உறவுக்காரர்கள். தண்ணீருக்கு இந்த மனுஷனை விட்டால் நாதியில்லை.

"வாரண்டி எவ்ளோ நாள் பாய்?"

"பதினெட்டு மாசம் சார்."

முகப்பில் இருந்த தேதியைப் பார்த்து விரல் விட்டு எண்ணினேன். "செப்டம்பர் வரைக்கும் இருக்கே! கல்யாணம் முடிஞ்சதும் விடுங்களேன்."

"அதுவும் கரீட்டுதான். பாப்பா கல்யாணம், தண்ணி இல்லாம எப்டி?" என்று சிரித்தார்.

முப்பத்திரண்டு வருஷம் சர்க்கார் ஆபீசில் காகிதத்தைப் பார்க்காமல் ஒரு கையெழுத்துப் போட்டதில்லை நான். அன்றைக்குக் காகிதம் எங்கே என்று கேட்கவில்லை. எனக்குத் தண்ணீர் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

கல்யாணம் ஜாம் ஜாமென்று நடந்தது. புதன்கிழமை, முழுத் தொட்டியோடு வரும்போது வண்டலூரில் எஞ்சின் உடைந்தது. உள்ளிருந்த ராடு எஞ்சின் பிளாக்கையே ஓட்டை போட்டுக்கொண்டு வெளியே வந்திருந்தது. இங்கிலீஷ் பேச ஆள் வேண்டுமென்று சர்வீஸ் சென்டருக்கு என்னைத்தான் கூட்டிப் போனார்.

அங்கிருந்தவர் வாரண்டி புத்தகத்தைப் புரட்டினார். "சேசிஸ் டெலிவரி ஜனவரி பன்னெண்டு. அன்னிலேர்ந்துதான் சார் கணக்கு. ஞாயித்துக்கிழமையோட முடிஞ்சிடுச்சு. புது எஞ்சினுக்கு ஒன்றரை லட்சம் ஆகும். போன வாரம் சத்தம் வந்தப்பவே வந்து ஜாப் கார்டு போட்டிருந்தா ஃப்ரீயாவே மாத்தியிருப்போம்."

பாய் என்னைப் பார்த்தார். உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். நான் கெஞ்சினேன், சத்தம் போட்டேன், மேலே எழுதுவேன் என்று மிரட்டினேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். கையிலிருந்து கொடுக்கலாமென்றால் என் பி.எஃப். பணம் முழுவதும் கல்யாணத்தில் கரைந்திருந்தது. தாலிக்கயிறு புதுசாக இருக்கும்போதே மகள் நகையைக் கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

இரண்டு தவணை நின்றதும் ஃபைனான்ஸ்காரன் செத்த வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போனான். பாய் மறுபடியும் ஊரான் லாரிக்கு டிரைவராகி நாக்பூர் லைனுக்குப் போய்விட்டார்.

தீபாவளி கழித்து அனகாபுத்தூருக்குப் போனேன். மன்னிப்புக் கேட்க வேண்டும், மனசு தாங்கவில்லை. பாய் வெளியூரில் இருந்தார். ஜெய்னப் நாற்காலியைத் துடைத்துப் போட்டு டீ கொடுத்தார். காதில் ஈர்க்குச்சி செருகியிருந்தார்.

"பாப்பா நல்லா கீதா சார்?"

"நல்லா இருக்காம்மா."

"நான்தான் சார் அவர ரொம்பத் திட்டிட்டேன். சத்தம் வந்தப்பவே வண்டிய சர்வீஸ்ல வுடாம இன்னா புடுங்கினு இருந்தேன்னு கேட்டேன். சோம்பேறித்தனமா வுட்டுட்டேன், என் தப்புதான்னு சொல்லிட்டாரு. அதுலேர்ந்து நான் அவராண்ட சரியா பேசறதே இல்ல சார். போன்ல கூட."

என் பெயரை அவர் சொல்லவே இல்லை. தன் வீட்டில், தன் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

சொல்லியிருக்க வேண்டியவன் நான். வாய் வரைக்கும் வந்தது. அந்த அம்மாள் முகத்தைப் பார்த்தேன். டீயைக் குடித்து முடித்தேன். "பாய் வந்தா விசாரிச்சதா சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.