ஃபுல் என்று போட்டிருந்த டாங்கி

புனேயில் தண்ணீர் நிறுத்தம் என்று அறிவிப்பு வந்தால் அது பெரும்பாலும் வியாழக்கிழமையாகத்தான் இருக்கும். புதன்கிழமை சாயங்காலமே வாளி, டிரம், பிரஷர் குக்கர் என்று வீட்டில் இருக்கிற எல்லாவற்றிலும் பிடித்து வைத்துவிடுவோம். குழாய் ரிப்பேர், வால்வு மாற்றுவது, மோட்டாரைப் பிரித்துப் பார்ப்பது என்று ஊரின் தண்ணீர் வேலை எல்லாம் அந்த ஒரு பகலுக்குள் நடந்து முடியும். என் வேலையும் அப்படி ஒரு வியாழக்கிழமையில்தான் வந்து விழுந்தது.

எந்தப் பகுதியின் தண்ணீர் என்று சொல்லப்போவதில்லை. ஊரின் ஓரத்தில் ஒரு இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே பம்பு ஹவுஸ்களையும் மேல்நிலைத் தொட்டிகளையும் ஒரே அறையில் உட்கார்ந்தபடி பார்க்கவும் ஓட்டவும் ஒரு பழைய மென்பொருள் இருந்தது. அதை எடுத்துவிட்டுப் புதியதைப் போடுவது என் பொறுப்பு. மகர்பட்டாவில் ஏசி போட்ட அலுவலகத்தில் உட்கார்ந்து ஏழு மாதம் எழுதினேன். நான் திருநெல்வேலிப் பக்கம். இந்த ஊருக்கு வந்து பதினெட்டு வருடமாகிறது. இன்னமும் என் இந்தியைக் கேட்டு ஆட்டோக்காரர்கள் சிரிப்பார்கள். அதற்கெல்லாம் எனக்குக் கோபம் வராது. என் மென்பொருளில் யாராவது குறை சொன்னால் மட்டும் மூக்குக்கு மேல் வரும்.

கண்ட்ரோல் ரூமில் பகல் ஷிப்ட் ஆபரேட்டர் ஒரு தமிழர். கட்கியில் ஆயுதத் தொழிற்சாலை குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவர். பேசுவது வேலூர்ப் பக்கத்துத் தமிழ், அதில் பாதி இந்தி. என்னைவிடப் பத்து வயது மூத்தவர் என்பதால் நான் அவரை அண்ணே என்பேன். அவருக்கு நான் மேடம். புதிய மென்பொருள் வருகிறது என்ற நாளிலிருந்தே அவருக்கு என்மேல் ஒரு வருத்தம்.

"பழைய ஸ்கிரீன் நல்லாத்தானே கீது மேடம்? அத்த ஏன் நோண்டிக்கினு?"

"பதினாலு வருஷத்துக் கம்ப்யூட்டர் அண்ணே. ஒருநாள் படுத்துக்கிட்டா இங்க ஒரு வீட்டுக்கும் தண்ணி இருக்காது."

"அது படுத்தா நான் எழுப்பிப்பேன். உங்களது படுத்தா யார் எழுப்பறது? போலோ, சொல்லுங்க."

எனக்கு எரிச்சல்தான் வந்தது.

அந்த வியாழக்கிழமை காலை ஒன்பதரைக்குப் பழைய கணினியிலிருந்த விவரங்களுக்குக் கடைசிப் பிரதி எடுத்தேன். ஒவ்வொரு தொட்டியிலும் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று சென்சார் சொல்லும். அது ஸ்கிரீனில் தெரியும். ஆனால் சென்சார் சொல்வதை ஒதுக்கிவிட்டுக் கையால் ஒரு எண்ணைப் போடவும் பழைய மென்பொருளில் வழி இருந்தது. பட்டியலைப் பார்த்தால் பதினோரு இடங்களில் அப்படிக் கையால் போட்டிருந்தார்கள். ஒரு மேல்நிலைத் தொட்டியில் சென்சார்படி இருப்பதோ ஒரு மீட்டர் தண்ணீர். ஸ்கிரீனில் நாலரை மீட்டர், அதாவது ஃபுல். எப்போதோ சென்சார் கெட்டபோது தோன்றியதைப் போட்டு ஒப்பேற்றிவிட்டு, அது சரியான பிறகும் எடுக்கச் சோம்பேறித்தனப்பட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். பதினொன்றையும் புதியதில் ஏற்றாமல் தூக்கிவிட்டேன். இனிமேல் ஸ்கிரீனில் தெரிவதெல்லாம் உண்மையாக இருக்கும் என்று எனக்கு அவ்வளவு திருப்தி.

ஒரு கேள்வி கேட்டேன், அதை மறைக்கவில்லை. "அண்ணே, எதையாவது மேனுவல்ல வெச்சிருக்கீங்களா?"

அவர் ரெஜிஸ்டரில் ஏதோ எழுதிக்கொண்டே, "இல்ல மேடம், எல்லாம் ஆட்டோல கீது," என்றார்.

பதினொன்று அடித்து ஐந்து நிமிடத்துக்குப் புதிய ஸ்கிரீன் உயிர் பெற்றது. தொட்டிகள் நீலத்தில், குழாய்கள் சாம்பல் நிறத்தில், எழுத்துகள் கண்ணை உறுத்தாமல். நான் நாற்காலியைப் பின்னால் தள்ளிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பம்பு பச்சையாக மாறியது. தொட்டியில் தண்ணீர் குறைவாக இருக்கிறது என்று அதுவே கண்டுபிடித்து, அதுவே மோட்டாரைப் போட்டிருக்கிறது. ஏழு மாத உழைப்பு.

"பாத்தீங்களாண்ணே? யாரும் தொடவே இல்ல. தானாவே ஓடுது!" என்றேன்.

அவர் பேனாவைக் கீழே போட்டார். முகம் சாம்பலாகிவிட்டது. "மேடம்," என்றார். "லைன்ல ஆள் இருக்காங்க."

எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார், வார்த்தைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. "வால்வு சேம்பர்ல ரெண்டு பேர் உள்ள இறங்கிகினு வேல செய்யறாங்க. அந்தப் பைப்லதான் இது தண்ணி தள்ளுது. பந்த் கரோ மேடம், பந்த் கரோ!"

ஸ்டாப் பொத்தானை அழுத்தினேன். பம்பு நிற்கவில்லை. ஒரு பெட்டி எழும்பி, பம்பை நிறுத்தக் காரணம் என்ன என்று கேட்டது. குறைந்தது பத்து எழுத்து எழுத வேண்டுமாம். யாரும் அலட்சியமாகப் பம்பை நிறுத்திவிடக் கூடாது என்று அந்தப் பெட்டியை வைக்கச் சொன்னவள் நான்தான். அதற்காக ஒரு மீட்டிங்கில் சண்டைகூடப் போட்டேன். என் விரல்கள் எந்தக் கட்டையில் இருக்கின்றன என்றே தெரியவில்லை. கைக்கு வந்த எழுத்துகளை அடித்தேன். ஆறு எழுத்து போதாது என்று சிவப்பில் எழுதிக் காட்டியது. மறுபடி அடித்தேன். பம்பு சாம்பல் நிறத்துக்குத் திரும்பியபோது, ஓடிய நேரம் நாற்பத்தேழு வினாடி என்று கீழே ஓரத்தில் அழகாகக் காட்டியது.

அண்ணன் உள்ளே இறங்கியவர்களுக்குப் போன் போட்டுக்கொண்டே விஷயத்தைச் சொன்னார். அந்தப் பம்பு ஹவுஸில் முன்பெல்லாம் ஒரு ஆள் இருப்பாராம். பழைய மென்பொருள் வந்ததும் அந்த ஆளை எடுத்துவிட்டார்கள். குழாயில் ஆள் இறங்குகிறார் என்றால் அங்கே போய் மெயின் சுவிட்சை இறக்கிப் பூட்டுப் போட வேண்டும், அதுதான் முறை. பூட்டவும் பிறகு திறக்கவும் போய்வர ஒரு மணி நேரம். அறையை விட்டு நகரவும் கூடாது. அதனால் அவர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். டாங்கி ஃபுல் என்று கையால் போட்டுவிட்டால், நிரம்பித்தான் இருக்கிறது என்று நம்பிப் பம்பு சும்மா இருக்கும். ஒன்பது வருடமாக ஒவ்வொரு நிறுத்தத்திலும் அப்படித்தான். அன்று காலை எட்டரைக்கும் போட்டிருந்தார். எங்கும் எழுதி வைக்கவில்லை. என் கேள்விக்கு அவர் சொன்ன பதிலும் பொய்யில்லை. பம்பு ஆட்டோவில்தான் இருந்தது. இந்த நாலரை மீட்டர் எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். நான் கேட்கவில்லை. எனக்குத்தான் எல்லாம் தெரியுமே.

போனை யாரும் எடுக்கவில்லை. முதலில் மணி அடித்தது, பிறகு தொடர்பு எல்லைக்கு வெளியே என்று மராத்தியில் ஒரு பெண் சொல்ல ஆரம்பித்தாள். அண்ணன் மறுபடியும் மறுபடியும் அழுத்திக்கொண்டே இருந்தார்.

"எவ்ளோ தூரம்ணே?"

"ரெண்டு கிலோமீட்டர். கோயில் தாண்டி, டிபி ரோட்டுல." சட்டைப்பையிலிருந்து ஸ்கூட்டி சாவியை எடுத்து என் பக்கம் தள்ளினார். "நீங்க போங்க மேடம். நான் இங்கேந்து எழுந்தா, இது மறுபடி ஓடிச்சுன்னா?"

என்னால் அவருக்கு இனி ஓடாது என்று உறுதி சொல்ல முடியவில்லை. நான் எழுதிய மென்பொருள்தான். ஆனாலும் முடியவில்லை.

அந்த இரண்டு கிலோமீட்டரை நான் எப்படி ஓட்டினேன் என்று இப்போது கேட்டால் துண்டு துண்டாகத்தான் சொல்ல வருகிறது. ஒரு டேங்கர் லாரி வழியை அடைத்துக்கொண்டு நின்றது. பின்னால் குடங்களோடு வரிசை. மனசுக்குள் கணக்கு ஓடிக்கொண்டே இருந்தது: அந்தப் பம்பு ஒரு வினாடிக்கு எத்தனை லிட்டர், நாற்பத்தேழு வினாடிக்கு எவ்வளவு, பம்பு ஹவுஸிலிருந்து சேம்பருக்கு அரை கிலோமீட்டர், அந்தக் குழி எத்தனை அடி. கல்லூரியில் இந்தக் கணக்கில் நான் நூற்றுக்கு நூறு வாங்கியவள். அன்று ஏழையும் நாலையும் பெருக்க வரவில்லை. ஆள் செத்திருந்தால் என்ற வார்த்தை மட்டும் தெளிவாக வந்தது. என் மகளின் முகம் வந்தது. ஜெயில் வந்தது. அந்த நேரத்தில் ஜெயிலை நினைத்தேனே என்று அதற்கும் சேர்த்து வெட்கம் வந்தது.

சேம்பர் சாலையோரத்தில் ஒரு பள்ளத்தில் இருந்தது. சுற்றிலும் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தார்கள். மூடி திறந்திருந்தது. மூடிக்குப் பக்கத்தில் இரண்டு ஜோடிச் செருப்பு. மேலே ஒரு ஆளும் இல்லை.

வண்டியை ஸ்டாண்டு போடாமல் அப்படியே விட்டேன், அது சாய்ந்து விழுந்தது. குழியின் விளிம்பில் மண்டியிட்டு உள்ளே பார்த்தேன். கலங்கிய தண்ணீர். இரும்புப் படிகளில் பாதி அதற்குள் மறைந்திருந்தன. கந்தல் துணியோ கையுறையோ தெரியவில்லை, ஏதோ மிதந்தது. "யாராவது இருக்கீயளா? சொல்லுங்கய்யா, யாராவது இருக்கீயளா?" என்று கத்தினேன். பதினெட்டு வருடத்தில் நான் மறந்துவிட்டதாக நினைத்த பேச்சு அது. அந்தக் குழியில் இருக்கும் எவருக்கும் அது புரியப்போவதில்லை என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. குரல் உள்ளே போய் வெறும் சத்தமாகத் திரும்பி வந்தது.

"ஓ மேடம்!" என்று யாரோ கூப்பிட்டார்கள்.

சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு டீக்கடை, இந்த ஊரில் டப்ரி என்பார்கள். அதன் பெஞ்சில் இரண்டு பேர் வெறுங்காலோடு, இடுப்புவரை ஈரமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க மராத்தி ஃபிட்டர். முழங்காலில் ரத்தம் வழிந்து காய்ந்திருந்தது. இன்னொருவர் அவரைவிடச் சிறியவர், டீ கிளாஸைப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் எப்படிச் சாலையைக் கடந்தேன் என்று தெரியாது. அவர்கள் முன்னால் போய் நின்று இரண்டு பேர், இரண்டு பேர் என்று விரலால் எண்ணினேன்.

ஃபிட்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்தார். "பம்ப் கோணி சாலூ கேலா?" என்றார். பம்பை யார் போட்டது என்கிறார்.

நான் சொல்வதற்கு எத்தனையோ இருந்தது. யாரும் போடவில்லை, தானாக ஓடியது என்பது அப்பழுக்கில்லாத உண்மை. சுவிட்சைப் பூட்டாமல் இறங்கியது உங்கள் ஆட்களின் தப்பு என்பதும் உண்மை. "மீ," என்றேன். நான்.

இளையவர் கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லி எழுந்தார். ஃபிட்டர் அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார். பிறகு எனக்குப் புரியட்டும் என்று மெதுவாக இந்தியில் சொன்னார். குழாய்க்குள்ளிருந்து முதலில் காற்று வந்ததாம். காது அடைக்கிற மாதிரி ஒரு சத்தம். தண்ணீர் வரும் முன்னால் குழாயில் இருக்கும் காற்று வெளியே தள்ளப்படும் என்பது முப்பது வருட அனுபவத்தில் அவருக்குத் தெரியும். இளையவரின் சட்டைக் காலரைப் பிடித்துப் படியில் ஏற்றிவிட்டு, பின்னாலேயே ஏறியிருக்கிறார். தண்ணீர் இடுப்பளவு வந்துவிட்டது. போன் உள்ளே விழுந்துவிட்டது. இளையவர் பயந்துபோயிருந்ததால் அவரை அப்படியே டீக்கடைக்குக் கூட்டிவந்துவிட்டார்.

டீக்கடைக்காரர் என் கையிலும் ஒரு கிளாஸைக் கொடுத்தார். என்னால் பிடிக்க முடியவில்லை. பாதி டீ என் சல்வாரிலேயே கொட்டியது. சூடு தெரியவில்லை. நான் மன்னிப்புக் கேட்க வார்த்தை தேடினேன், இந்தியும் வரவில்லை, மராத்தியும் வரவில்லை.

"வேலை பாதியில நிக்குது," என்றார் ஃபிட்டர். "அடுத்த வியாழக்கிழமை நான் திரும்பவும் இறங்கணும். அன்னிக்கும் அங்க நீங்கதான் உட்காருவீங்களா?"

"வேண்டாம்னா வேற ஆளை அனுப்பச் சொல்றேன்."

அவர் என் சல்வாரில் கொட்டியிருந்த டீயைப் பார்த்தார். "வேற ஆளுக்கு என்ன தெரியும்? நீங்களே வாங்க," என்றார்.

அன்றே ரிப்போர்ட் எழுதினேன். பதினோரு எண்ணையும் கேட்காமல் அழித்தது நான் என்பதை முதல் வரியில் எழுதினேன். எனக்கும் அண்ணனுக்கும் ஆளுக்கொரு மெமோ வந்தது. காரணம் கேட்கும் பெட்டியை எடுத்துவிட்டேன்.

அடுத்த வியாழக்கிழமை அண்ணன் அறையைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆளைக் கேட்டு வாங்கி, தானே பம்பு ஹவுஸுக்குப் போய் மெயின் சுவிட்சை இறக்கிப் பூட்டிவிட்டு வந்தார். பூட்டின் சாவியை என் உள்ளங்கையில் வைத்து, "இப்ப சாமியே வந்தாலும் ஓடாது மேடம்," என்றார். பத்தரைக்கு ஃபிட்டர் போன் செய்து இறங்குவதாகச் சொன்னார். அதன் பிறகு நான் எழுந்திருக்கவில்லை. தண்ணீர் குடிக்கவில்லை. மின்சாரமே இல்லாத பம்பு எப்படி ஓடும்? அறிவு அதைச் சொல்லிக்கொண்டேதான் இருந்தது. சாவியை இறுக்கியதில் அதன் பல் உள்ளங்கையில் பதிந்துவிட்டது.

ஒன்றே கால் மணிக்குப் போன் வந்தது. "வர் ஆலோ," என்றார் ஃபிட்டர். மேலே வந்துவிட்டேன் என்று அர்த்தம். சரி என்று ஒரு சொல்தான் நான் சொல்ல வேண்டியது. அழுகைதான் வந்தது. அவர் போனை வைக்காமல் காத்திருந்தார்.