மஞ்சள் பட்ட சட்டை

அம்மா பிறந்த ஊரான மார்க்கையன்கோட்டையில் அம்மன் திருவிழா முடிகிற அன்று மஞ்சள் நீராட்டு. முறைப்பெண்கள் முறைப்பையன்கள் மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். நனைந்தவர் கோபித்துக்கொள்ளக் கூடாது. அந்த வருடம் அனுமந்தன்பட்டியிலிருந்து ஒரு முறைப்பையன் வெள்ளைச் சட்டையில் வந்து, ஊற்றட்டும் என்றே நின்றிருந்தார். அவரைச் சித்திக்கு முடிப்பதாகப் பேச்சு. நெஞ்சுவலி வந்து பிழைத்த தாத்தா, அன்று சாயங்காலமே வெற்றிலை பாக்கு மாற்றிவிட வேண்டும் என்று அவசரப்பட்டார். சித்தி அப்போது கல்லூரியில் வேதியியல் இரண்டாம் வருடம். மிச்சப் படிப்பைக் கல்யாணத்துக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். கல்யாணத்துக்குப் பிறகு யார் படித்தார்கள்!

சித்தி ஒரு குடம் முழுக்க ஊற்றினாள். அந்தச் சட்டையை அவளே கேட்டு வாங்கித் துவைக்கவும் போனாள். பொறுப்பான பிள்ளை என்று மாப்பிள்ளையின் அம்மா மெச்சினார். மாப்பிள்ளை தாத்தாவின் தொளதொள சட்டையை மாட்டிக்கொண்டு முறுக்கு தின்றார். நல்ல மனிதர், அவர்மேல் இன்றுவரை எனக்கு ஒரு குறையும் இல்லை.

சித்தி கொண்டுவந்தபோது சட்டை ரத்தச் சிவப்பாக இருந்தது.

"தண்ணியிலதான் முக்குனேன் அத்தே. இப்புடி ஆயிருச்சு."

ஆரத்தித் தட்டில் அந்த நிறத்தை மாப்பிள்ளையின் அம்மா எத்தனையோ முறை பார்த்திருப்பார். மகன் சட்டையில் பார்த்ததும் எல்லாம் மறந்துபோயிற்று. "ஆத்தா உத்தரவு குடுக்கலையே..." என்று நெஞ்சில் கை வைத்தார்.

"இருங்க அத்தே, அலசிக் கொண்டாரேன்" என்று அம்மா சட்டையைப் பிடுங்கிக்கொண்டு, சித்தியையும் இழுத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போனாள். நானும் ஓடினேன்.

துவைகல்மேல் சோப்பு. பக்கத்தில் திருவிழாவுக்கு வாங்கிய எலுமிச்சம்பழக் கூடை. அம்மா ஒரு பழத்தைப் பிழிந்தாள், சட்டை மஞ்சளாகிவிட்டது. சித்தி சோப்பைத் தேய்த்தாள், சிவந்தது. அம்மா பிழிந்தாள். சித்தி தேய்த்தாள். நான் கைதட்டினேன். மஞ்சளுக்குள் இரண்டு நிறம் உண்டு, ஒன்று மற்றொன்றாக ஓயாமல் மாறிக்கொண்டேயிருக்கும், புளிப்பு கூடினால் மஞ்சள் பக்கமும் சோப்பின் காரம் கூடினால் சிவப்புப் பக்கமும் சாயும் என்பதெல்லாம் பின்னால் படித்தது. அன்றைக்கு அக்காவும் தங்கையும் எனக்காக விளையாடுகிறார்கள் என்றே நினைத்தேன்.

"ஏடி, அப்பா தான் இருக்கையிலேயே முடிச்சிரணும்னு நெனைக்கிறாக. கூடை நெறயப் பழம் கெடக்கு. எம்புட்டு நேரம் தேய்ப்ப?"

"நீ புழிஞ்சா மஞ்சளாகும், நான் தேச்சா செவக்கும். இதுக்கு முடிவே கெடயாதுக்கா. ஒருத்தர் நிறுத்துனாத்தான் உண்டு." சித்தி மறுபடியும் சோப்பைத் தேய்த்தாள். "பன்னெண்டாவதோட ஒன்னய நிறுத்துனப்ப நீயும் இங்கன உக்காந்துதான அழுத?"

அம்மா கையிலிருந்த அரைப்பழத்தைக் கூடையில் போட்டாள். சிவந்த சட்டையை அவளே முறுக்கிப் பிழிந்து, உதறி, உள்ளே எடுத்துப் போனாள்.

"எம்புட்டு அலசியும் போகல அத்தே."

தட்டிலிருந்த வெற்றிலை வைத்த இடத்திலேயே வாடிப்போனது. சித்தி கல்லூரிக்குப் போனாள். தாத்தா வெகுநாள் அம்மாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

எனக்கும் அம்மாமேல் கோபம்தான். அத்தனை பழம் இருந்தும் இப்படித் தோற்றுவிட்டாளே என்று.