வசவு வாங்கப் போகிறவர்

"எப்பேர்ப்பட்ட சாதுவா இருந்தாலும் சரி, என் முன்னாடி கொண்டாந்து நிறுத்துங்க. ரெண்டே நிமிஷத்துல திட்ட வெச்சுக் காட்டுறேன்" என்று ஒரு பாராட்டு விழா மேடையில் அறிவித்த அம்மையார், இப்போது தபால் அலுவலக வரிசையின் முதல் ஆளாக நின்று மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டிருக்கிறார். கண்ணாடி அவர் தலைமேல் இருக்கிறது. அது அவருக்கும் தெரியும், பின்னால் நிற்பவர்களுக்கும் தெரியும். ஆனாலும் பைக்குள் கையை விட்டு ஒரு குடை, ஒரு வாழைப்பழம், மூடியில்லாத மூன்று பேனாக்கள் என்று எடுத்து ஜன்னல் பலகைமேல் கடை பரப்புகிறார்.

வரிசையின் நடுவில் ஒருவருக்குப் பொறுமை போயிற்று. "ஏம்மா, குடும்பம் நடத்தவா வந்திருக்க? அடுப்பையும் எடுத்து வையேன், ஆக்கித் தின்னுட்டே போலாம்!"

அம்மையாரின் முகம் பரிசு விழுந்ததுபோல் மலர்ந்தது. கழுத்தில் தொங்கும் ஒலிப்பதிவுக் கருவியைத் தடவிப் பார்த்துக்கொண்டு, "ரொம்ப நன்றி தம்பி. அந்த அடுப்பு உங்க சொந்தச் சரக்கா, இல்ல வீட்டுல யாராவது சொல்லிக் கேட்டதா?" என்றார்.

தம்பி வரிசையை விட்டே வெளியேறிவிட்டார்.

நாட்டார் வழக்காற்று ஆய்வாளர்களில் சிலர் கதை சேர்க்கிறார்கள். சிலர் பாட்டு சேர்க்கிறார்கள். இன்னும் சிலர், சேர்த்தவர்களைப் பற்றிக் கோள் சேர்க்கிறார்கள். இவர் சேர்ப்பது வசவு; ஒவ்வொன்றையும் ஓர் அட்டையில் எழுதி அடுக்கி வைக்கிறார். இதே துறையில் தாலாட்டு ஆராயும் பேராசிரியர் ஒருவர் இருக்கிறார். அவர் போகிற வீட்டிலெல்லாம் நாற்காலி போடுகிறார்கள். நம் அம்மையார் போகிற தெருவில், வெளியே கிடக்கும் நாற்காலியை உள்ளே எடுத்துவிடுகிறார்கள். அதற்காக அவர் ஒருநாளும் வருந்தியதில்லை. "குழந்தையத் தூங்க வெக்க யாராலயும் முடியும். முழிச்சிருக்கிறவனை வெறுப்பேத்திப் பாருங்க, அதுக்குத்தான் படிப்பு வேணும்" என்பார்.

படிப்பு இருக்கத்தான் செய்கிறது. காய்கறிக் கடையில் தக்காளியை ஒவ்வொன்றாகக் கட்டைவிரலால் அமுக்கி, ஒன்றுகூட வாங்காமல் நகர்வது ஒரு முறை. மின்தூக்கியின் கதவில் காலை வைத்துக்கொண்டு, வராத ஒருவருக்காகக் காத்திருப்பது இன்னொரு முறை. ஒரு தடவை பேருந்து நடத்துனர் திட்டிவிட்டு, கருவியைப் பார்த்ததும் பயந்து மன்னிப்புக் கேட்டாராம். "மன்னிப்பெல்லாம் என்னத்துக்குப்பா? அதை எழுதி வெக்க என்கிட்ட அட்டையே இல்ல. உங்கப்பா என்ன சொல்லித் திட்டுவாரு, அதைச் சொல்லு" என்று இரண்டு நிறுத்தம் தாண்டியும் விடவில்லை.

அவருக்கென்று ஒரு கொள்கையும் உண்டு. வசவு, திட்டு வாங்குகிறவனைப் பற்றி எதுவும் சொல்லாது. திட்டுகிறவர் வீட்டில் என்ன சாமான் இருக்கிறது என்பதைத்தான் சொல்லும். விலங்கை இழுத்துத் திட்டுகிறவர்களை அவர் மதிப்பதில்லை. "எருமைங்கிறான். எருமையப் பக்கத்துல நின்னு பாத்திருப்பானா அவன்? இரவல் வாய்!" ஆணி கழன்ற அலமாரி, அடி தீய்ந்த சட்டி, ஒருபக்கம் மட்டும் வெட்டும் கத்தரிக்கோல் என்று கைபட்ட பொருளிலிருந்து வருவதுதான் அசல் வசவு. அதைக் கேட்டால் கண்ணை மூடிக்கொள்வார், நல்ல சங்கீதம் கேட்டவர்போல.

இப்படிப்பட்டவருக்கு வாய்த்த கணவர் கணக்குத் தணிக்கையாளர். கொசு கடித்தால்கூட, அது குடித்து முடிக்கும்வரை காத்திருப்பார். அவரிடமிருந்தும் அம்மையார் ஒரு வசவை வாங்கியிருக்கிறார்: "சே." அதற்கும் அட்டை உண்டு. 'அரிய வகை' என்று மூலையில் குறிப்பும் உண்டு.

ஆனால் இந்த ஆராய்ச்சிக்கெல்லாம் ஊற்றுக்கண் கணவரல்ல, அக்கா. இரண்டு தெரு தள்ளி இருக்கும் சொந்த அக்கா. சனிக்கிழமைதோறும் தங்கை வாசலில் கால் வைக்கும்போதே வரவேற்பு தொடங்கிவிடும். "வாடி, ஊர் வாயெல்லாம் கிளறி முடிச்சாச்சா? செருப்ப நடுவுல கழட்டாத. பொறுக்கி வெக்க எனக்கென்ன சம்பளமா குடுக்கிற? மூஞ்சியப் பாரு, மூணு நாள் ஊறப்போட்ட துணி மாதிரி. தின்னியா இல்லையா?" வசவு முடிகிற இடத்தில் தட்டு வந்து நிற்கும். கருவி கழுத்தில் தொங்கிக்கொண்டே இருக்கும். அதைத் தங்கை போட்டிருக்கும் நகையாகவே அக்கா பார்த்துப் பழகிவிட்டார்.

அம்மையாரின் பெரிய புத்தகம் வெளிவந்தபோது விழாவுக்கு அக்காவும் அத்தானும் வந்தார்கள். முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். அத்தான் சலவைச் சட்டை போட்டிருந்தார். ஆய்வுரையின் உச்சத்தில் அம்மையார் கருவியிலிருந்த ஒரு பதிவை ஒலிக்கவிட்டார். ஒலிபெருக்கியில் ஒரு பெண்குரல்: "நனைஞ்ச தீப்பெட்டி இந்த மனுசன்! முப்பது வருஷமா உரசுறேன். என் கைதான் தேஞ்சுச்சு, ஒரு பொறி வரல."

அரங்கம் அதிர்ந்தது. அத்தானும் எல்லோரோடும் சேர்ந்து விழுந்து விழுந்து சிரித்தார். குரல் யாருடையது என்பது அவருக்குச் சற்றுத் தாமதமாகத்தான் பிடிபட்டது. பிறகு கைகளை மடியில் வைத்துக்கொண்டு, நகங்களைப் பார்த்தபடி கூட்டம் முடியும்வரை உட்கார்ந்திருந்தார்.

அடுத்த சனிக்கிழமை அக்கா கதவைத் திறந்து, "வாங்க, உக்காருங்க" என்றார். விருந்தாளிகளுக்கு மட்டும் இறங்கும் பூப்போட்ட கோப்பையில், தட்டு வைத்து, தேநீர் வந்தது.

"என்னக்கா இது, புது நாடகம்?"

"வீட்டுல பேசினதெல்லாம் மைக்குல வருதுல்ல? அப்ப மைக்குல பேசுற மாதிரிதானே வீட்டுலயும் பேசணும்?" என்றார் அக்கா, மிக மரியாதையாக.

மாடிவீட்டுக்காரனான என்னிடம் அம்மையார் சிரித்துக்கொண்டேதான் இதைச் சொன்னார். "எங்கக்கா வாயி எனக்குத் தெரியாதா? அடுத்த வாரமே வெடிச்சிடும் பாருங்க." வெடிக்கவில்லை. அம்மையார் தம் புலமை முழுவதையும் இறக்கினார். அத்தானின் சாய்வு நாற்காலியில் போய்ப் படுத்தார். நாளிதழைத் தாறுமாறாக மடித்தார். குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு அரசியல் பேசினார். தேநீரில் சர்க்கரை இல்லை என்றார். "மன்னிக்கணும், போட்டுத் தரேன்" என்று பதில் வந்தது. அன்று வீடு திரும்பிய அம்மையார் தபால் அலுவலகத்துக்கும் போகவில்லை, காய்கறிக் கடைக்கும் போகவில்லை. யாரோ மாடிப்படியில் அவரை வாய் நிறையத் திட்டிக்கொண்டு போனதைக்கூடக் குறித்துக்கொள்ளாமல் உள்ளே போய்விட்டார்.

சென்ற சனிக்கிழமை நல்ல மழை. "துணைக்கு வாங்க, மூணாவது ஆள் இருந்தா அவளால வாய அடக்க முடியாது" என்று என்னையும் இழுத்துப் போனார். கருவியை எடுத்து வரவில்லை. அது இல்லாதது அக்காவின் கண்ணில் பட வேண்டுமென்று கழுத்தை ஒட்டகம்போல் நீட்டிக்கொண்டே நடந்தார்.

அக்கா அப்போதுதான் கூடத்தைத் துடைத்து முடித்திருந்தார். தரை பளபளத்தது. அம்மையார் என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, சேறு அப்பிய செருப்போடு வாசலிலிருந்து கூடத்தின் நடு மத்திக்கு நடந்தார். அங்கே நின்று ஒரு சுற்றும் சுற்றினார்.

அக்காவின் பார்வை தரைக்கு இறங்கியது. உதடு துடித்தது. மூலையில் உட்கார்ந்திருந்த அத்தான்கூட நாளிதழைத் தாழ்த்திக்கொண்டு நிமிர்ந்தார். அந்த முகத்தில் ஓர் ஆவல் இருந்ததை நான் பார்த்தேன்.

"பரவாயில்ல. மழைதானே" என்றார் அக்கா. "நீங்க உக்காருங்க, நான் துடைச்சுக்கிறேன்."

உள்ளே போய்த் துணியோடு வந்தார். முழங்கால் வலிக்காரர், சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனியத் தொடங்கினார்.

அம்மையார் செருப்பைக் கழற்றினார். இரண்டையும் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய், ஓரமாக, ஜோடி சேர்த்து வைத்தார். வெறுங்காலோடு திரும்பி வந்து அக்காவின் கையிலிருந்த துணியை வாங்கிக்கொண்டார். மண்டியிட்டு, கூடத்தின் நடுவிலிருந்து வாசலை நோக்கி, தம் கால் தடங்களை ஒவ்வொன்றாகத் துடைக்கத் தொடங்கினார்.