டிக் போட்ட நிமிடங்கள்

காய்ச்சல் விட்டு எட்டு மாதமாகியும் களைப்பு விடவில்லை. பல் விளக்கிவிட்டு வந்தால் படுத்துக்கொள்ள வேண்டும். கீரமங்கலத்தில் ஒரு பூக்கடையில் எடை போட்டு மூட்டை கட்டுவது என் வேலை. ஆவணியில் முகூர்த்தம் அதிகம், அதுவரைக்கும்தான் என் இடத்தை வைத்திருக்க முடியும் என்று முதலாளி சொல்லியிருந்தார். அதற்குள் எழுந்து நின்றுவிடுவேனா என்பதுதான் என் கவலை. மற்ற கவலைகளும் உண்டு. அவை எப்போதும் இருப்பவை.

புதுக்கோட்டையில் டாக்டர் எல்லா டெஸ்ட்டும் எடுத்துப் பார்த்து, இது நாள்பட்ட களைப்பு நோய் என்று சொல்லி பிசியோதெரபி மேடத்திடம் அனுப்பினார். அவர் கட்டம் போட்ட தாள் ஒன்று கொடுத்தார். முதல் வாரம் தினமும் ஐந்து நிமிடம் நடக்க வேண்டும். வாரத்துக்கு இரண்டு நிமிடம் கூட்ட வேண்டும். நடந்த நாளுக்கு ஒரு டிக்.

"முடியலைன்னாலும் நடக்கணுமா மேடம்?"

"கொஞ்சங் கொஞ்சமா ஒடம்பு பழகிக்கும். விட்டுறாதீங்க."

எங்கள் ஊரில் ஒருவன் சும்மா நடக்க முடியாது. முதல் நாள் மூன்றாவது நிமிடத்தில் பங்காளி ஒருவன் பைக்கை நிறுத்தினான்.

"எங்கிட்டுண்ணே?"

"டாக்டர் நடக்கச் சொல்லியிருக்காங்கடா."

"அது சுகர் உள்ளவங்களுக்குண்ணே. நீங்களே ஈர்க்குச்சி மாதிரி இருக்கீங்க. ஏறுங்க."

அவனுக்கும் எனக்கும் இருந்த வரப்புத் தகராறு அப்போதுதான் ஓய்ந்திருந்தது. ஏறாவிட்டால் இன்னும் மனதில் வைத்திருக்கிறேன் என்று நினைப்பான். ஏறினேன். வீட்டு வாசலில் இறக்கிவிட்டான்.

"நடக்கப் போன ஆளு வண்டியில வந்து எறங்குறீங்க," என்றாள் மனைவி. "நாளைக்கு ஆட்டோவுல நடங்க."

ஏழாவதோடு படிப்பை விட்டவன் நான். காலிக் கட்டத்தைப் பார்த்தால் வாத்தியார் பிரம்புதான் ஞாபகம் வரும். டிக் போட்டேன்.

மறுநாள் பால் வண்டிக்காரர் ஏற்றிக்கொண்டார். அடுத்த நாள் கடைக்குப் போகிறவன் போல மஞ்சப்பையோடு போனேன். கடைக்கு என்று தெரிந்ததும் இன்னும் சீக்கிரம் ஏற்றினார்கள்.

ஆறாவது வாரம் பதினைந்து நிமிடம். அதுவரை முழுதாக நடந்தது நான்கு நாள்தான். நடந்த ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று நாள் எழ முடியவில்லை. ஜன்னல் வெளிச்சம்கூடக் கண்ணுக்கு ஆகவில்லை. படுத்துக் கிடந்த நாளுக்கும் போட்டதால் தாளில் மட்டும் டிக் குறையவில்லை.

"சூப்பர்," என்றார் மேடம். "இனிமே இருபது நிமிஷம் போவோம்." பக்கத்து நாற்காலியில் அதே நோயோடு சோர்ந்திருந்த ஒரு அம்மாவிடம் என் தாளைக் காட்டினார். "இவரு நடக்குறாரு பாருங்க, நீங்களும் நடக்கலாம்."

கதவு வரைக்கும் போய்விட்டேன். அந்த அம்மா நடந்து விழுந்தால் அது என் கணக்கில் சேரும் என்று தோன்றியது. திரும்பி வந்தேன்.

"மேடம், அதுல நடந்தது நாலே நாளு. மத்தது படுத்துக் கெடந்தது, வண்டியில போனது."

"எந்த வண்டியில?"

"கெடச்ச வண்டியில."

அவர் திட்டவில்லை. நிஜமாக நடந்த நாட்களை மட்டும் வட்டம் போடச் சொன்னார். போட்டேன். ஒவ்வொரு வட்டத்துக்கும் மறுநாள் என்ன ஆனது என்று கேட்டார். சொன்னேன்.

"இத ஏன் மொதல்லயே சொல்லல?"

"கட்டத்துல அதுக்கு எடம் இல்ல மேடம்."

மேடம் தாளோடு டாக்டரிடம் போய்விட்டு வந்து, அதில் எழுதியிருந்த இருபதை அடித்தார். "இந்த நடை ஒங்களுக்கு ஒத்துக்கல. இனிமே கூட்ட வேணாம். களைப்பு வர்றதுக்கு முன்னாடியே நிறுத்திருங்க, எந்த வேலையா இருந்தாலும்."

"ஆவணிக்குள்ள சரியாயிருமா?"

"அத என்னால சொல்ல முடியாதுங்க."

மறுநாள் மனைவி என்னை ஸ்கூட்டியில் பூக்கடைக்குக் கொண்டுபோய் விட்டாள். மூட்டை தூக்க முடியாது, உட்கார்ந்து ஒரு மணி நேரம் எடை மட்டும் பார்க்கிறேன், எப்போது சரியாகும் என்று தெரியாது என்று முதலாளியிடம் சொன்னேன்.

"ஒரு மணி நேரத்துக்கு ஒரு ஆளா?" என்றவர் மல்லிகைக் குவியலைப் பார்த்தார். "மூட்டைக்கு வேற ஆளு போட்டுக்கிறேன். ஏழுலேருந்து எட்டு வரைக்கும் தராசுகிட்ட உக்காருப்பா. பாப்போம்."

உட்கார்ந்தேன். எட்டு அடித்தபோது, உடம்பு இன்னும் ஒரு அரை மணி நேரம் தாங்கும் போலத்தான் இருந்தது. ஆனாலும் எழுந்து மனைவியின் ஸ்கூட்டியில் வீட்டுக்கு வந்துவிட்டேன்.