அப்பா லாரிக்கு அம்மா சொன்ன ஸ்பிரிங்

போன மாதம் எங்கள் வீட்டில் ஒரு சண்டை. சொத்துச் சண்டை இல்லை. ஸ்பிரிங் சண்டை!

சிரிக்காதீர்கள். ஒரு ஸ்பிரிங்குக்காக என் அக்காவும் தம்பியும் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை என்றால் நம்புவீர்களா?

அப்பாவின் பழைய லாரி — நீண்ட மூக்கும் முட்டைக்கண் விளக்குமாக ஒரு குட்டி லாரி — செகந்திராபாத் வீட்டுப் பின்பக்கம் தார்ப்பாய்க்குள் பல வருஷமாகக் கிடந்தது. ஜீடிமெட்லாவில் மருந்து கம்பெனி வேலையில் இருக்கும் தம்பி டேனியல், அதைப் புதுசாக்கியே தீருவது என்று கிளம்பிவிட்டான். இன்ஜின் ஓடியது. பெயின்ட் வந்தது — அப்பா காலத்து அதே அடர்பச்சை. கடைசியில் சஸ்பென்ஷனில், அதாவது குலுக்கலைத் தாங்கும் ஸ்பிரிங்கில், வந்து நின்றது.

ரயில்வே ஒர்க்‌ஷாப் வேலையை விட்டுவிட்டு அப்பா வாங்கிய வண்டி. டிரான்ஸ்ஃபர் ஆகிற ரயில்வே குடும்பங்களுக்குச் சாமான் ஏற்றிப் போவார். பீரோ, கட்டில், ஆட்டுரல், தொட்டிச் செடி... பாரத்தோடு போகும்போது வண்டி தேர் மாதிரி அசைந்து போகும். இறக்கிவிட்டுத் திரும்பும்போதுதான் கூத்து! மூட்டை மூட்டையாகத் தாங்கச் செய்த ஸ்பிரிங், காலி வண்டியில் என்ன செய்யும்? ஒவ்வொரு பள்ளத்துக்கும் தூக்கித் தூக்கிப் போடும். முன் சீட்டில் நாங்கள் மூன்று பேரும். தலை கூரையில் இடிக்கும். இடிக்க இடிக்கச் சிரிப்போம்.

அம்மா மட்டும் வரவே மாட்டாள். "வீட்டுல வேலை கெடக்கு" என்பாள்.

பாலாநகரில் ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக் யாதகிரி, தெலுங்கில் ஒரே கேள்விதான் கேட்டார். "இனிமேல் இதில் என்ன ஏற்றப் போகிறீர்கள்?"

யோசித்தால், விஷயமே அதுதான். ஸ்பிரிங்கை ஒரு அங்குலம் அமுக்க எவ்வளவு எடை வேண்டும்? நிறைய வேண்டுமென்றால் அது முரட்டு ஸ்பிரிங். பாரத்தைத் தாங்கும், ஆளைத் தூக்கியடிக்கும். கொஞ்சம் போதுமென்றால் மெத்து. சொகுசாக இருக்கும், ஆனால் ரொம்ப மெத்தென்றால் திருப்பத்தில் வண்டி சாயும்.

அக்கா எஸ்தர் ரிட்டயர்டு பிசிக்ஸ் டீச்சர். சும்மா இருப்பாளா? வண்டியை எடைமேடைக்குக் கொண்டுபோகச் சொன்னாள். முன் சக்கரத்து எடை தனி, பின் சக்கரத்து எடை தனி. கணக்குப் போட்டுத் தீர்ப்பும் சொல்லிவிட்டாள்.

"முன்னாடி இன்ஜின் கனம் இருக்கு, அது அப்படியே இருக்கட்டும். பின்னாடி ஸ்பிரிங்கா அடுக்கியிருக்கிற இரும்புப் பட்டையில பாதியை எடுத்துட்டு மெல்லிசா மாத்தணும். அம்மா உட்காரணும்ல?"

"நக்கோக்கா, வேணவே வேணாம்!" டேனியல் குதித்தான். "அது அப்பா போட்ட செட். அதை எடுத்துட்டா அப்புறம் இது லாரியா? பச்சை பெயின்ட் அடிச்ச கார்!"

உண்மையைச் சொல்லட்டுமா? நானும் டேனியல் கட்சிதான். அந்தக் குலுக்கல் இல்லாமல் என்ன அப்பா வண்டி?

ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சுக்குப் போய் வந்து சாப்பிட உட்கார்ந்தோம். மறுபடி ஸ்பிரிங்! அம்மா டேனியல் தட்டில் குழம்பை ஊற்றிக்கொண்டே சொன்னாள்.

"ஏலே டேனி, அந்த ஸ்பிரிங்க நீ வயித்துக்குள்ள இருக்கும்போதே பாத்துட்ட."

எங்களுக்குப் புரியவில்லை. அக்கா மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஆறு மாசம் நீ. லோடு எறக்கிட்டுத் திரும்பி வாரோம். ஒரு பள்ளம்... தூக்கிப் போட்டதுல வலி வந்துட்டு. நீ தங்க மாட்டன்னுட்டாங்க ஆஸ்பத்திரில. நீ பொறக்குற வரைக்கும் நான் படுக்கைய விட்டு எந்திரிக்கல. உங்கப்பா வராண்டால உக்காந்து அழுதத எஸ்தர் பாத்திருக்கா. அதுக்கப்புறம் நான் அந்த வண்டில கால் வைக்கல."

"ஏன்மா எங்ககிட்ட சொல்லவே இல்ல?" என்றேன்.

"சொன்னா நீங்க அதுல சிரிச்சிட்டு வருவீங்களாக்கும்?"

டேனியல் பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனான். வாசலில் நின்று போன் பேசுவது கேட்டது. "யாதகிரி... பின்னாடி பட்டையை மாத்திடுங்க. ஹவ், ஆமா, அக்கா சொன்ன மாதிரியே."

நாம் எல்லோரும் பழைய நாளை நினைத்து உருகுகிறோமே — அது இனிப்பாக இருப்பதற்கு வீட்டில் யாரோ ஒருவர் வாயை மூடிக்கொண்டிருந்ததும் ஒரு காரணமாக இருக்குமோ?

போன சனிக்கிழமை காலை அம்மா ஏறினாள். ஒரு காலைப் படியில் வைத்துவிட்டுச் சற்று நின்றாள். அப்புறம் என் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறி நடுவில் உட்கார்ந்தாள். அக்கா வரவில்லை. வாசலில் குனிந்து நின்று பின் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள் — கணக்கு பலிக்கிறதா என்று.

டேனியல் ஓட்டினான் என்று சொல்ல முடியாது. தள்ளிக்கொண்டு போனான் என்று வேண்டுமானால் சொல்லலாம். ஸ்பீட் பிரேக்கர் ஒவ்வொன்றுக்கும் முன்னால் நின்று, மூச்சுவிட்டு, ஏறி, இறங்கினான். பின்னால் ஒரே ஹாரன். கல்யாண ஊர்வலமா என்று ஓர் ஆட்டோக்காரர் இந்தியில் கிண்டலடித்துவிட்டுப் போனார். இவன் காதில் எதுவும் விழவில்லை.

அப்படியும் ஒரு பள்ளம் வந்துவிட்டது. அம்மா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். வண்டி மெல்ல அமுங்கியது... மெல்ல எழுந்தது. அவ்வளவுதான்!

பிடி தளர்ந்தது. அம்மா தம்பியின் பக்கம் திரும்பினாள்.

"ஏன்ல இப்படி ஊர்ந்து போற? கொஞ்சம் வேகமாத்தான் போயேம்ல... ஒண்ணும் ஆகாது!"